இரண்டாவது குழி

மருதங்குடிக்காட்டு ஏரியைத் தூர்வார வந்த பொக்லைன், கரையோரத் திடலில் திரும்பும்போது மண்ணுக்குள் கிடந்த ஒரு பெரிய பானையின் வாயை உடைத்துவிட்டது. பானைக்குள் மண்ணும் எலும்புத் துண்டுகளும் சின்னக் கிண்ணங்களும் இருந்தன. மேட்டூர் அணை திறப்பதற்குள் வேலையை முடிக்க வேண்டுமே என்று ஒப்பந்தக்காரர் அவசரப்பட்டார். அதற்குள் ஊர்ப் பையன்கள் படமெடுத்துத் தமிழ்மாறனுக்கு அனுப்பியிருந்தார்கள். வண்டியை நிறுத்தச் சொல்லிப் போனிலேயே கெஞ்சியவர், மதியத்துக்குள் தஞ்சாவூரிலிருந்து வந்து சேர்ந்தார்.

தமிழ்மாறன் அந்த ஊரில் பிறந்தவர். தஞ்சாவூருக்கு வெளியே உள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் தொல்லியல் பேராசிரியர். நடை பழகும் முன்பே தாய் இறந்துபோனாள். திருப்பூருக்கு வேலைக்குப் போன தகப்பன் அங்கேயே வேறு குடும்பம் அமைத்துக்கொண்டார். தகப்பனின் அக்கா காளியம்மாள்தான் அவரை வளர்த்தார். கணவனை இழந்து, பிள்ளையும் இல்லாமல் இருந்த காளியம்மாள் நடவுக்கும் களைக்கும் போய்த் தம்பி மகனைப் படிக்க வைத்தார்.

படிக்கிற காலத்தில் தமிழ்மாறனுக்கு ஒரு காயம் பட்டது. எந்த ஊரில் அகழாய்வு செய்ய ஆசை என்று ஒரு மூத்த பேராசிரியர் வகுப்பில் கேட்டபோது, அவர் தன் ஊர்ப் பெயரைச் சொன்னார். அந்தப் பேராசிரியர் சிரித்தார். கல்லணைக் கால்வாய் வெட்டிய பிறகு கூலிக்கு வந்து குடியேறிய சனம்தானே, அங்கே தோண்டினால் என்ன கிடைக்கப் போகிறது என்று கேட்டார். வகுப்பே சேர்ந்து சிரித்தது. கல்யாணமான புதிதில் இதைத் தமிழ்மாறன் தன் மனைவியிடம் சொன்னபோது குரல் தடுமாறியது. பிறகு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் தடுமாறும்.

மனைவி மதிவதனி பாபநாசத்துக்காரர். அதே பல்கலைக்கழகத்தில் மானிடவியல் துறையில் இருந்தார். அவருடைய ஆய்வு பற்களைப் பற்றியது. குழந்தை வயதில் சாப்பாடு இல்லாமல் கிடந்தவர்களுக்கு முளைக்கும் பல்லில் மெல்லிய கோடு விழும். எந்த வயதில் பசித்தது என்பதைக்கூட அந்தக் கோடு இருக்கும் இடத்தை வைத்துச் சொல்லிவிடலாம். டெல்டாவில் கூலி வேலை செய்யும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துத்தான் அவர் முனைவர் பட்டம் வாங்கியிருந்தார்.

பேராசிரியர் குடியிருப்பில் அவர்கள் வீட்டைச் சுற்றி எல்லாத் துறைக்காரர்களும் இருந்தார்கள். எதிர் வீட்டில் நிலவியல், மாடியில் மொழியியல், பக்கத்து வீட்டில் தாவரவியல் ஹமீதா பானு. வாசலில் ஒரு கல்லைப் போட்டால் ஆளுக்கு ஒரு கட்டுரை எழுதிவிடுவார்கள் என்று தமிழ்மாறன் கேலி செய்வார். ஆனால் தன் அகழாய்வில் எலும்பு கிடைத்தால் அவர் வெளியே யாரையும் தேடிப் போனதில்லை. வீட்டுச் சாப்பாட்டு மேசையில் செய்தித்தாளை விரித்து எலும்பை வைப்பார். மதிவதனி பார்த்துச் சொல்வார். ஆணா, பெண்ணா, என்ன வயது, என்ன நோய். பதினைந்து வருடமாக இப்படித்தான் நடந்தது. கட்டுரைகளின் கடைசி வரியில் அவருக்கு ஒரு நன்றி இருக்கும். அது போதும் என்றுதான் மதிவதனி நினைத்திருந்தார்.

திடலில் தோண்ட அனுமதி சீக்கிரமே கிடைத்தது. முதல் குழியில் வரிசையாக ஏழெட்டு முதுமக்கள் தாழிகள் வந்தன. கறுப்பும் சிவப்புமாகக் கிண்ணங்கள், துருப்பிடித்த ஒரு கத்தி, ஒரு தாழியின் தோளில் ஏதோ கீறல்கள். இரண்டாயிரத்து ஐந்நூறு வருடத்துக்குக் குறையாது என்று தமிழ்மாறன் பார்த்ததுமே சொன்னார். ஓரமாகப் போய்த் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு நின்றார். அவர் அழுததை ஊர்க்காரர்கள் பார்த்தார்கள். நம்ம புள்ளை நம்ம ஊரைத் தோண்டி எடுத்துட்டான் என்று பேசிக்கொண்டார்கள்.

இடுகாடு எதுவரை போகிறது என்று பார்க்க, மேற்கே பனைமரங்களுக்குப் பக்கத்தில் இரண்டாவது குழி வெட்டினார்கள். அங்கே தாழி இல்லை. கிண்ணமும் இல்லை. ஆழம் அதிகமில்லாத ஒரு பள்ளத்தில் மூன்று எலும்புக்கூடுகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. இரண்டு குப்புறக் கிடந்தன. வைத்துப் புதைத்த மாதிரி இல்லை, தூக்கிப் போட்ட மாதிரி இருந்தது. மதிவதனியை வரச் சொல்லித் தமிழ்மாறனே போன் செய்தார்.

மதிவதனி குழிக்குள் இறங்கித் தூரிகையால் மண்ணைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். மூவருமே இளைஞர்கள், இருபதிலிருந்து முப்பதுக்குள். எலும்பு கனமாக இருந்தது. மிகப் பழைய எலும்பை நாக்கில் வைத்தால் ஒட்டிக்கொள்ளும். களத்தில் வேலை செய்யும் தொல்லியல்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த சோதனை அது. ஒரு சின்ன விலாத் துண்டை அவர் நாக்கில் வைத்தார். ஒட்டவில்லை. ஒருவரின் மண்டையில் பின்பக்கம் நீளமாக ஒரு வெட்டு. ஆறிய வெட்டு அல்ல, அதோடு முடிந்த வெட்டு. அடியில் கிடந்தவரின் இடது முன்கை எலும்பு சிறு வயதிலேயே முறிந்து, சரியாகச் சேராமல் கோணலாக வளர்ந்திருந்தது. மூவரின் பற்களிலும் பசிக் கோடுகள் இருந்தன. அவர் பள்ளிக்கூடங்களில் பார்த்த அதே கோடுகள்.

கைபேசியில் நிறையப் படங்கள் எடுத்துக்கொண்டார். கணவரிடம் உடனே எதுவும் சொல்லவில்லை. முழுக்கத் தெரியாமல் வாயைத் திறக்கும் பழக்கம் அவருக்குக் கிடையாது.

மதியம் காளியம்மாள் வீட்டில் சாப்பிட்டார்கள். தமிழ்மாறன் சாப்பிட்டதும் குழிக்குத் திரும்பிவிட்டார். மதிவதனி மட்டும் உட்கார்ந்து பேச்சோடு பேச்சாக, இந்த ஊரில் யாராவது காணாமல் போயிருக்கிறார்களா என்று கேட்டார். காளியம்மாள் தட்டைக் கழுவிக்கொண்டே, ஏன், எங்க அண்ணன் இல்லையா, உனக்குத் தமிழு சொன்னதில்லையா என்றார்.

தமிழ்மாறன் மேலோட்டமாகச் சொல்லியிருக்கிறார். காத்தான் என்று ஒரு பெரியப்பா இருந்தார், பம்பாய்க்கு ஓடிப்போய்விட்டார் என்று. காளியம்மாள் இப்போது முழுவதும் சொன்னார். அவருக்குப் பதின்மூன்று வயது இருக்கும்போது நடந்தது. அந்த அறுவடையில் மரக்கால் கணக்கில் கூலியைக் கூட்டித் தர வேண்டும் என்று ஊரில் பேச்சு வந்தது. காத்தானும் அவனோடு இன்னும் இரண்டு பேரும் முன்னால் நின்றார்கள். பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று பண்ணையிலிருந்து ஆள் வந்து கூட்டிக்கொண்டு போனார்கள். போனவர்கள் திரும்பவில்லை. மூன்று பேரும் பயந்து ஊரைவிட்டு ஓடிவிட்டார்கள் என்று பண்ணையில் சொன்னார்கள். போலீஸும் அதையே சொன்னது. மற்ற இரண்டு பேரின் குடும்பங்களும் பிழைப்புக்கு எங்கெங்கோ போய்விட்டன. இவர்கள் வீட்டுக்கு மட்டும் ஓடுகாலி வீடு என்று பெயர் நிலைத்தது.

"எங்கம்மா சாவுற வரைக்கும் பம்பாய் ரயிலு எப்ப வரும்னு கேட்டுக்கிட்டு இருந்துச்சு," என்றார் காளியம்மாள். "நான் மட்டும் நம்பல. ஓடுறவன் சட்டையை எடுத்துக்கிட்டுல்ல போவான்."

அண்ணன் பார்க்க எப்படி இருப்பார் என்று மதிவதனி கேட்டார். காளியம்மாள் யோசித்தார். முகம் சரியாக நினைவில்லை என்றார். ஆனால் நடப்பது நினைவிருக்கிறது. சின்ன வயதில் பனையிலிருந்து விழுந்து கை ஒடிந்தது. வைத்தியர் கட்டியது சரியாகக் கூடவில்லை. அதனால் கையை இப்படி வைத்துக்கொண்டுதான் நடப்பான். சொல்லிக்கொண்டே தன் இடது கையை மடக்கி, உள்ளங்கையைத் திருப்பிக் காட்டினார்.

அத்தை ஏதும் கேட்டுவிடக் கூடாதே என்று மதிவதனி எழுந்து வெளியே போனார்.

சாயங்காலம் காரில் திரும்பும்போது கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னார். தமிழ்மாறன் ஒரு தென்னந்தோப்பு ஓரமாக வண்டியை நிறுத்தினார்.

"நீ சொல்றது சரின்னா, அது எங்க பெரியப்பா," என்றார்.

"ஆமா."

"அத்தைக்கு இப்ப சொல்ல வேணாம். ஒருவேளை இல்லைன்னு ஆயிட்டா தாங்கிக்காது. முறையா எழுதிக் கொடுத்து, முறையா சோதனைக்கு அனுப்புவோம். அதுவரைக்கும் அந்தக் குழியை யாரும் தொட வேணாம்."

மதிவதனி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். சரியான ஆளைத்தான் கட்டியிருக்கிறோம் என்று அந்த நேரத்தில் அவருக்குத் தோன்றியது. பிற்பாடு நினைத்து நினைத்து அவமானப்பட்டது இந்த நிமிடத்துக்காகத்தான்.

அந்த வாரம் பாபநாசத்தில் அவர் அம்மாவுக்குக் கண் அறுவைச் சிகிச்சை. மதிவதனி போய்ச் சில நாள் தங்கினார். தமிழ்மாறன் தினமும் போன் செய்தார். மாமி சொட்டு மருந்து விட்டுக்கொள்கிறாரா, வெயிலில் போகாமல் இருக்கிறாரா என்று விசாரித்தார். குழியைப் பற்றிக் கேட்டபோது, தார்ப்பாய் போட்டு மூடியிருக்கிறது என்றார். ஒரு நாள் மாமியிடமே போனைக் கொடுக்கச் சொல்லிச் சிரிக்கச் சிரிக்கப் பேசினார்.

திரும்பிய மறுநாள் மதிவதனி திடலுக்குப் போனார். தார்ப்பாய் இருந்தது. அதைத் தூக்கிப் பார்த்தால் குழி காலியாக இருந்தது. எலும்புகளை எடுத்து மூன்று நாளாயிற்று என்று அங்கே நின்ற ஆய்வு மாணவர் சொன்னார். சார்தான் கூடவே இருந்து எடுத்தாராம். உடைந்துவிடக் கூடாது என்று கழுவி, பிசின் கரைசலில் நன்றாக ஊறவைத்துப் பெட்டியில் அடுக்கச் சொன்னாராம். கரைசலைத் தன் கையாலேயே பூசினாராம்.

பழைய எலும்பு உதிராமல் இருக்கப் பிசின் போடுவது வழக்கம்தான். ஆனால் போட்டுவிட்டால் அந்த எலும்பின் வயதைக் கணிக்கும் சோதனை ஏறக்குறைய கெட்டுவிடும் என்பது தமிழ்மாறனுக்குத் தெரியும். வகுப்பில் மாணவர்களுக்கு முதல் பாடமாகவே அதைச் சொல்லிக்கொடுப்பவர் அவர்.

வீட்டில் கேட்டபோது, மழை வரும் போலிருந்தது, குழி நிறைந்தால் எல்லாம் போய்விடும் என்று பயந்தேன் என்றார். ஏன் போனில் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, அம்மாவோடு இருக்கிறாய், தொந்தரவு செய்ய வேண்டாம் என்று நினைத்தேன் என்றார். அந்தப் பேச்சில் ஒரு இடத்திலும் அவர் மதிவதனியின் கண்ணைப் பார்க்கவில்லை. அப்படியும் மதிவதனி நம்பப் பார்த்தார். அடுத்து நடக்கவிருந்த பல்கலைக்கழகக் கூட்டத்தில் பேசுவார், அங்கே சொல்லிவிடுவார் என்று தன்னைத் தேற்றிக்கொண்டார்.

திடலின் செய்தி பத்திரிகைகளில் வந்திருந்ததால், துணைவேந்தர் ஒரு குழு அமைத்திருந்தார். நம் பல்கலைக்கழகத்தில் எல்லாத் துறைக்கும் வல்லுநர் இருக்கிறார்கள், வெளியூர் ஆள் நமக்கு எதற்கு என்பது அவருடைய பெருமை. கூட்டத்தில் ஒவ்வொருவராகப் பேசினார்கள். நிலவியல்காரர் மண் அடுக்கு பழையது என்றார். வேதியியல்காரர் தாழியைச் சுட்ட சூட்டின் அளவைச் சொன்னார். தாழிக்குள் கிடந்த கரிந்த உமி நெல்லுமிதான் என்று ஹமீதா பானு படம் போட்டுக் காட்டினார். கீறல்கள் எழுத்தா குறியீடா என்று மொழியியல்காரர் பேசப் பேசத் துணைவேந்தர் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். ஒருவர்கூடப் பொய் சொல்லவில்லை. எல்லோரும் முதல் குழியைப் பற்றியே பேசினார்கள். அவர்களிடம் கொடுக்கப்பட்டது அதுதான்.

கடைசியில் மதிவதனி எழுந்து இரண்டாவது குழியைப் பற்றிக் கேட்டார். அந்த எலும்புகள் பழையவை அல்ல, அறுபது வருடத்துக்குள் இருக்கலாம், காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்றார். அறையில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. துணைவேந்தர் தமிழ்மாறனைப் பார்த்தார்.

தமிழ்மாறன் பதற்றமில்லாமல் பேசினார். தாழி இல்லாமல் புதைப்பதும் அந்தக் காலத்தில் உண்டு, ஒரே இடுகாட்டின் இரண்டு பகுதிகள் இவை என்று விளக்கினார். பிறகு சொன்னார்:

"டாக்டர் மதிவதனி மேல எனக்கு ரொம்ப மரியாதை உண்டு. ஆனா அவங்க ஆய்வு, உயிரோட இருக்கிற பிள்ளைங்களோட பல்லைப் பத்தினது. மண்ணுலேருந்து எடுக்கிற எலும்பு அவங்க துறை இல்லை. இந்த விஷயத்துல அவங்க கருத்தைக் குழு எடுத்துக்க வேண்டியதில்லைன்னு நினைக்கிறேன்."

மதிவதனிக்குச் சாப்பாட்டு மேசையும் அதன்மேல் விரித்த செய்தித்தாளும் கண்முன் வந்தன. பதிலுக்கு ஏதாவது சொல்லியிருக்கலாம்தான். கணவன் மனைவி சண்டையாக அது ஆகிவிடும் என்று அங்கிருந்த எல்லோர் முகத்திலும் எழுதியிருந்தது. அவர் உட்கார்ந்துவிட்டார். இரண்டு குழிகளுமே இரும்புக்காலத்தவை என்று குழு கையெழுத்துப் போட்டது.

வீட்டுக்கு வந்ததும் தமிழ்மாறனே பேச்சைத் தொடங்கினார். இந்த முறை மறைக்கவில்லை. போலீஸ் வந்தால் திடல் முழுவதையும் பூட்டிவிடுவார்கள், வழக்கு முடியப் பத்து வருடமாகும், அதற்குள் எல்லாம் அழிந்துபோகும் என்றார். செய்தவர்களில் ஒருத்தனும் இப்போது உயிரோடு இல்லை, யாருக்குத் தண்டனை வாங்கித் தரப் போகிறாய் என்று கேட்டார்.

"நம்மளைக் கூலிக்கு வந்த சனம்னு சொன்னான். இப்ப ரெண்டாயிரத்து ஐந்நூறு வருஷம் என் கையில இருக்கு. ஒரு ஆளுக்காக அதை விடச் சொல்றியா?"

"அந்த ஒரு ஆளு உங்க பெரியப்பா."

"பெரியப்பா இருந்திருந்தா அவரே விட்டுக் கொடுத்திருப்பாரு."

மதிவதனிக்கு அவர் சொன்னதில் ஒரு பாதி புரிந்தது. அந்தக் காயம் உண்மை என்று அவருக்குத் தெரியும். புரிந்ததால்தான் வலி கூடியது. இறந்தவருக்காகவும் இவரே பேசிவிடுகிறார், அத்தைக்காகவும் இவரே முடிவெடுத்துவிடுகிறார், பேசக்கூடிய ஒருத்திக்கு மட்டும் துறை இல்லை என்று வாயை அடைத்துவிட்டார். அன்றே ஒரு பெட்டியில் துணிகளை எடுத்துக்கொண்டு பெண்கள் விடுதியின் விருந்தினர் அறைக்கு மாறினார்.

மறுநாள் காவல் நிலையத்துக்குப் போனார். இன்ஸ்பெக்டர் மரியாதையாக நாற்காலி போட்டுக் கேட்டார். வீட்டுக்காரர் மேலயே புகாரா மேடம் என்றார். யார் மேலும் இல்லை, மூன்று பேர் செத்ததைப் பற்றி என்றார் மதிவதனி. பல்கலைக்கழகக் குழுவே பழைய எலும்பு என்று சொன்ன பிறகு தனி ஒருவர் பேச்சில் தன்னால் எதுவும் செய்ய முடியாது, இறந்ததாகச் சொல்லும் ஆளின் சொந்தக்காரர் யாராவது மனு கொடுத்தால் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார்.

அப்படியானால் காளியம்மாளிடம் சொல்ல வேண்டும்.

மருதங்குடிக்காட்டில் பஸ் இறங்கியபோது காளியம்மாள் வாசலில் உளுந்து உலர்த்திக்கொண்டிருந்தார். பேரன் வயதுப் பையன்கள்கூட இப்போது தன்னை மதிப்பதாகச் சந்தோஷமாகச் சொன்னார். திடலில் அருங்காட்சியகம் கட்டப் போவதாகப் பேச்சு. அதைத் தமிழ்தான் திறந்துவைப்பானாம். மதிவதனி அவரை உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்தார். கைபேசியில் அந்தக் கை எலும்பின் படத்தைக் காட்டவா வேண்டாமா என்று தயங்கி, காட்டாமலேயே வாயால் சொன்னார். மூன்று பேர். மேற்கே, பனைமரத்துப் பக்கம். ஒருவருக்கு இடது கை கோணல்.

காளியம்மாள் அழவில்லை. தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தத் திடலில்தான் இத்தனை வருடம் ஆடு மேய்த்திருக்கிறேன் என்றார். பிறகு நிமிர்ந்தார்.

"தமிழுக்குத் தெரியுமா?"

இந்தக் கேள்வி வரும் என்று பஸ்ஸில் வரும்போதே மதிவதனிக்குத் தெரியும். ஒரு பொய்யைத் தயாராகவும் வைத்திருந்தார். அதைச் சொல்ல வாய் வரவில்லை.

"தெரியும் அத்தை."

"எப்பலேருந்து?"

"நான் உங்ககிட்ட கேட்ட அன்னிக்கே."

காளியம்மாள் மெல்ல எழுந்து வாசலுக்குப் போனார். உளுந்தைக் கையால் கிளறினார். ஒரு பக்கம் கிளறி முடித்து மறுபக்கம் போனார். மதிவதனி நிலைப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதுக்கப்புறம் நாலு தடவை இங்க வந்து சாப்பிட்டான்," என்றார் காளியம்மாள். "மீன் குழம்பு வச்சுக் கொடுத்தேன்."

மறுநாள் மதிவதனியோடு போய் மனுவில் கையெழுத்துப் போட்டார். தமிழ்மாறன்தான் சின்னப் பையனாக இருக்கும்போது அவருக்குக் கையெழுத்துப் போடச் சொல்லிக்கொடுத்திருந்தார்.

காவல் நிலையத்தில் அதற்குப் பிறகும் இழுத்தார்கள். எதிர்பாராமல் உதவிக்கு வந்தவர் ஹமீதா பானு. ஒரு நாள் விடுதி அறைக்கு வந்து, கூட்டத்தில் நீ எழுந்து பேசியதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை என்றார். உமியை மட்டும் பார்த்துவிட்டு எலும்புக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், எனக்கு அந்தக் குழியைக் காட்டவே இல்லை என்றார். இரண்டாவது குழியைப் பற்றிய முடிவில் தனக்குச் சம்பந்தமில்லை என்று கோட்டாட்சியருக்கு எழுதிக் கொடுத்தார். அது போய்ச் சேர்ந்த பிறகுதான் பெட்டிகளைக் கைப்பற்ற உத்தரவு வந்தது.

எலும்பில் பிசின் ஏறியிருந்தது. ஆனால் கடைவாய்ப் பற்களின் உள்ளே அது இறங்கியிருக்காது என்று மதிவதனி சொன்னார். ஆய்வகத்துக்காரர்களும் ஒப்புக்கொண்டு பற்களை அறுத்துப் பார்த்தார்கள். மரபணுச் சோதனைக்குக் காளியம்மாளிடம் எச்சில் எடுத்தார்கள். முடிவு வர ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. அந்த ஒரு வருடத்தில் பல்கலைக்கழக உணவகத்தில் மதிவதனி உட்கார்ந்த மேசையில் யாரும் உட்காரவில்லை. புருஷன் பெயர் எடுப்பது பொறுக்கவில்லை என்று பேசிக்கொண்டார்கள். ஊரின் பெருமையைக் கெடுக்க வந்தவள் என்று மருதங்குடிக்காட்டிலேயே சில பையன்கள் எழுதினார்கள். தமிழ்மாறனோ இதில் எதையும் தூண்டிவிடவுமில்லை, தடுக்கவுமில்லை.

அடியில் கிடந்தவர் காளியம்மாளின் கூடப்பிறந்தவர் என்று ஆய்வகம் சொன்னது. மற்ற இரண்டு பேருக்கும் ஒப்பிட்டுப் பார்க்க உறவினர் யாரும் கிடைக்கவில்லை. அவர்கள் இன்னும் அரசு மருத்துவமனையில்தான் இருக்கிறார்கள். குற்றம் சாட்ட உயிரோடு ஆள் இல்லை என்று வழக்கை மூடினார்கள். பல்கலைக்கழகமும் ஒரு விசாரணை வைத்தது. நடந்தது இரு துறையினருக்கு இடையிலான கருத்து வேறுபாடு என்று அது முடித்துக்கொண்டது. தமிழ்மாறன் வேலையில்தான் இருக்கிறார். முதல் குழியும் தாழிகளும் உண்மை. அவற்றைப் பற்றிய அவருடைய புத்தகம் அச்சில் இருக்கிறது.

காத்தானை ஏரிக்கு அந்தப் பக்கம் இடுகாட்டில் அடக்கம் செய்தார்கள். எலும்பு என்றாலும் பறை அடித்து, ஊர் முழுக்கக் கூட்டி, பாடை கட்டித்தான் எடுத்துப் போக வேண்டும் என்று காளியம்மாள் சொல்லிவிட்டார். தமிழ்மாறன் வந்திருந்தார். வெள்ளை வேட்டியில் கூட்டத்துக்கு வெளியே நின்றார். யாரும் அவரை அழைக்கவுமில்லை, விரட்டவுமில்லை. குழிக்குள் இறக்கிய பிறகு முதல் மண் யார் போடுவது என்று கேட்டார்கள். காளியம்மாள் தலையைத் திருப்பாமல் கையை மட்டும் அவர் பக்கம் நீட்டினார்.

"பெரியப்பனுக்குப் பிள்ளை முறை நீதான். மண்ணு போடு. போட்டுட்டுப் போயிரு. இனிமே நம்ம வீட்டுக்கு வராத."

தமிழ்மாறன் குனிந்து மண்ணை அள்ளினார். பாதி கரையிலேயே கொட்டியது. மறுபடி அள்ளிப் போட்டார். அத்தை என்று ஒரு தடவை கூப்பிட்டார். காளியம்மாள் அடுத்த ஆளுக்கு வழிவிட்டு நகர்ந்துகொண்டார்.

எல்லாம் முடிந்து மதிவதனி ரோட்டுக்கு நடந்தபோது தமிழ்மாறன் பின்னாலேயே வந்தார். இரண்டு பேரும் தனியாகப் பேசி ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஆள் மெலிந்திருந்தார். தஞ்சாவூருக்குத்தானே, வண்டியில் கொண்டுவிடுகிறேன் என்றார். வேண்டாம் என்றார் மதிவதனி.

"அத்தைகிட்ட நானே சொல்லியிருப்பேன். புத்தகம் வந்ததும் சொல்லலாம்னு இருந்தேன்," என்றார் தமிழ்மாறன். "அதுக்குள்ள நீ போய் சொல்லிட்ட. எனக்குன்னு இருந்தது அத்தை ஒண்ணுதான். நீ எனக்குத் துரோகம் பண்ணிட்ட மதி."

அவர் அதை மனதாரத்தான் சொன்னார். பட்டுக்கோட்டை பஸ் வந்து நின்றது. மதிவதனி ஏறிக்கொண்டார்.

பட்டுக்கோட்டை வரை அவருக்கு ஒன்றும் இல்லை. மாறி ஏறிய தஞ்சாவூர் வண்டியில் கூட்டம் அதிகம். ஒரு அம்மாள் காய்கறிக் கூடையைக் காலுக்கடியில் தள்ளி இடம் கொடுத்தார். வண்டி ஊரைத் தாண்டியதும் மதிவதனிக்கு அழுகை வந்தது. குழுக் கூட்டத்திலோ விடுதி அறையிலோ, ஆய்வக முடிவு வந்த அன்றோ, சற்று முன் இடுகாட்டிலோ வராத அழுகை. வாயைப் பொத்திக்கொண்டும் அடங்கவில்லை. அந்த அம்மாள் எதுவும் விசாரிக்கவில்லை. எழுந்து, ஜன்னல் பக்கம் நகர்ந்துக்கம்மா என்று சொல்லி, கூட்டம் பார்க்காதபடி இந்தப் பக்கம் மறைத்து உட்கார்ந்துகொண்டார். வெளியே குறுவை நடவு முடிந்த வயல்களில் தண்ணீர் நின்றது.